மலச்சட்டியில் தேடப்பட்ட தேசங்கள்

1943ஆம் ஆண்டு, பசிபிக் போர் நடந்துகொண்டிருந்தபோது, நியூயார்க் அறிவியல் கழகத்தின் இதழில் ஜெஃப்ரி கோரர் என்ற ஆங்கிலேய மானிடவியலாளரின் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. ஜப்பானியப் பண்பாட்டின் அடிப்படைக் கருக்கள் எவை என்பது அதன் பொருள். வீட்டுக்குள் அத்தனை பணிவும் ஒழுங்கும் காட்டுகிற ஒரு ஜனம், போர்க்களத்தில் ஏன் இவ்வளவு குரூரமாக நடந்துகொள்கிறது என்பது அன்றைய அமெரிக்காவைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. கோரர் அதற்குக் கண்டுபிடித்த விடை இலக்கிய வாசகர் எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஜப்பானியக் குழந்தைக்கு, அதன் தசைகளும் அறிவும் ஆயத்தமாவதற்கு முன்னரே, மிகக் கடுமையான முறையில் மலஜலம் கழிக்கும் பழக்கம் புகுத்தப்படுகிறது. அப்போது வெளிக்காட்ட முடியாமல் விழுங்கப்பட்ட ஆத்திரம் வளர்ந்தபின் அந்நிய மண்ணில் வெடிக்கிறது என்றார் அவர். கோரர் ஜப்பானுக்குப் போனவரல்லர், அம்மொழியும் அறியார்.

இது ஏதோ ஒரு கிறுக்கரின் தனிப்பட்ட கற்பனையாக இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே அவசியமில்லை. ஆனால் மரியாதைக்குரிய அறிஞர்கள் பலர் அதைத் தலையாட்டி ஏற்றார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஒரு மக்கள்கூட்டத்தின் குணத்தைக் கைக்குழந்தையின் மலச்சட்டிக்குள் தேடிய முயற்சி இது ஒன்று மட்டுமன்று. அதற்கு முன்னும் நடந்தது, பின்னும் நடந்தது. முன்னதில் சோதனைப் பொருளாக இருந்தவர்கள் நாம்.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பாத்திரத்துக்கு இன்று நம் வீடுகளில் புழங்கும் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் 'பாட்டி' என்று வாசித்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே மலச்சட்டி என்றே எழுதுகிறேன். பாட்டியும் பின்னால் வருவாள்.)

பொருள் மிகப் பழையது. ஏதென்ஸ் நகரின் பழைய சந்தைவெளியான அகோராவில் நடந்த அகழ்வாய்வில், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த சுடுமண் ஆசனம் ஒன்று கிடைத்தது. கீழே உட்குடைவான தாங்கி, மேலே குழந்தை அமரும் கிண்ணம், முன்புறம் கால்களை நீட்ட இடம். இதுபோன்ற ஆசனத்தில் ஒரு குழந்தை அமர்ந்து எதிரே இருக்கும் பெண்ணை நோக்கிக் கையை நீட்டும் காட்சி, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கிரேக்கக் கோப்பை ஒன்றில் தீட்டப்பட்டு பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஓவியத்தில் கண்டிப்பு எதுவும் தெரியவில்லை.

பிறகு வெகுகாலத்துக்கு இது வைத்தியரின் விஷயமாகவே இருந்தது. பிரான்ஸின் பதின்மூன்றாம் லூயி 1601இல் பிறந்த நாள் முதல், அரண்மனை வைத்தியர் ழான் எரோவார் நாள்தவறாமல் நாட்குறிப்பு எழுதினார். இளவரசன் என்ன உண்டான், எப்போது தூங்கினான் என்பவற்றோடு அவனுடைய மலத்தின் கணக்கும் அதில் உண்டு. அரசகுலத்தின் எதிர்காலம் ஒரு குழந்தையின் வயிற்றில் இருக்கும்போது அது ராஜாங்க விஷயம்தானே. தானும் வைத்தியம் பயின்றவரான ஜான் லாக், கல்வி பற்றி 1693இல் வெளியிட்ட நூலில், காலை உணவு முடிந்ததும் குழந்தையை ஒழுங்காக உட்காரவைத்துவிட வேண்டும் என்று பல பத்திகள் எழுதியிருக்கிறார். மலச்சிக்கலுக்கு மாற்றுத் தேடுவதே அவருடைய நோக்கம். பிள்ளையின் ஆன்மாவுக்கு அதில் என்ன நேரும் என்ற கவலை அவருக்கு இல்லை.

அந்தக் கவலையைக் கொண்டுவந்தது கடிகாரம். நியூயார்க்கின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் எம்மெட் ஹோல்ட், தாதிகளுக்கும் தாய்மாருக்குமாக 1894இல் ஒரு சிறுநூல் எழுதினார். கேள்வி பதில் வடிவத்தில், ஏறக்குறைய ஞானோபதேச நூலைப் போல. எந்த வயதில் மலம் கழிக்கப் பழக்கலாம் என்ற கேள்விக்கு அவர் விடை, முன்கூட்டியே தொடங்கினால் இரண்டாம் மாதத்துக்குள் பழகிவிடும் என்பது. தாதி தன் முழங்கால்களுக்கிடையே ஒரு சிறு பாத்திரத்தை வைத்துக்கொண்டு, தினம் இருமுறை, அதே நேரத்தில், குழந்தையை அதன்மேல் பிடிக்கவேண்டும். குழந்தைக்குக் காரியம் விளங்காவிட்டால், எண்ணெய் தடவிய காகிதக் கூம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் வைத்து நினைவூட்டலாம்.

1912இல் வாஷிங்டனில் நிறுவப்பட்ட குழந்தைகள் செயலகம், 1914 முதல் 'குழந்தை வளர்ப்பு' என்ற கையேட்டை வெளியிடத் தொடங்கியது. முதல் பதிப்பை எழுதிய மேரி மில்ஸ் வெஸ்ட் தாமே பிள்ளைகளை வளர்த்தவர். சீக்கிரம் பழக்கினால் தாய்க்குத் துணி துவைக்கும் பாடு குறையும் என்ற சாதாரண நியாயம் அவர் எழுத்தில் இருந்தது. வென்னீர் வைத்து, கையால் கசக்கி, பனிக்காலத்தில் உலரப்போட்ட பெண்ணுக்கு அது சிறிய நியாயமன்று. ஆனால் பதிப்புகள் மாறமாறத் தாயின் குரல் மங்கி நிபுணரின் குரல் ஓங்கியது. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் வந்த பதிப்புகள், முதல் மாத முடிவிலேயே தொடங்கலாம் என்றன. குறித்த நேரத்திலிருந்து ஐந்து நிமிடங்கூடப் பிசகக் கூடாது என்றன. நடத்தையியலின் தலைவரான ஜான் வாட்சன் 1928இல் எழுதிய நூலில், எட்டு மாதத்திலிருந்து குழந்தையை அதற்கான இருக்கையில் வாரிட்டு அமர்த்தி, பொம்மை எதுவும் தராமல், கதவைச் சாத்திவிட்டு வரவேண்டும் என்றார். ஆலைச் சங்கு ஒலிக்கும் காலத்தின் குரல் இது. இந்த ஆண்டுகளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். ஜப்பானியத் தாயின் கடுமையைப் பற்றிப் பேசப்போகிற அமெரிக்கா இதுதான்.

இதற்கிடையில் வியன்னாவிலிருந்து வேறொரு சரக்கு வந்து சேர்ந்திருந்தது. 1908இல் ஃபிராய்டு எழுதிய ஒரு சிறு கட்டுரை, ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் ஆகிய மூன்று குணங்களும் சிலரிடம் சேர்ந்தே காணப்படுவதையும், அவர்கள் குழந்தைப் பருவத்தில் மலம் கழிப்பதில் தனி இன்பம் கண்டவர்களாக இருப்பதையும் இணைத்துப் பார்த்தது. அதை அவர் பெரும்பாலும் பிறவி அமைப்பு என்றே கருதினார். தாயின் கண்டிப்புக்கு முதலிடம் கொடுத்தது பின்னால் வந்தவர்கள். குழந்தையின் முதல் அறநெறி அதன் ஆசனச் சுருக்குத்தசையில் தொடங்குகிறது என்னும் பொருளில் 1925இல் ஃபெரென்சி ஒரு சொற்றொடரையே உருவாக்கினார்.

இந்தச் சாவியை எடுத்துக்கொண்டு ஒரு நாட்டையே திறக்கலாம் என்று முதலில் தோன்றியவர்களில் ஒருவர் ஓவன் பெர்க்லி-ஹில். பிரிட்டிஷ் இந்தியாவின் ராணுவ மருத்துவர். ராஞ்சியில் ஐரோப்பியருக்கான மனநல மருத்துவமனையின் பொறுப்பாளர். இந்துக்களின் சமயம், தத்துவம், குணம் ஆகியவற்றில் மலவாய் இன்பத்தின் பங்கு என்பது 1921இல் சர்வதேச உளப்பகுப்பாய்வு இதழில் அவர் எழுதிய கட்டுரையின் பொருள். தீட்டும் சுத்தமும் பற்றிய சடங்குகள், மூச்சை அடக்கும் பிராணாயாமம், வாயு பற்றிய வேதக் கருத்துகள், பிடிவாதம், கஞ்சத்தனம் என்று எல்லாமே அவருக்கு ஒரே மூலத்திலிருந்து ஊறுவனவாகத் தெரிந்தன. பெரும்பாலும் சடங்கிலிருந்தும் சாஸ்திரத்திலிருந்தும் தொடங்கித்தான் அவர் குழந்தைப் பருவத்தை ஊகிக்கிறார். தொட்டிலருகே நின்று பார்த்த எவரும் எதிர்மாறாகச் சொல்வார்கள். இந்தியக் குழந்தைக்கு இந்த விஷயத்தில் தரப்படும் சுதந்திரம் மிகப் பெரிது என்று சுதிர் கக்கர் 1978இல் எழுதியிருக்கிறார். கடுமையான பயிற்சியால் விளைவதாகச் சொல்லப்பட்ட குணம், பயிற்சியே இல்லாத இடத்திலும் விளைந்திருக்கிறது என்றால், கோளாறு குணத்திலா கோட்பாட்டிலா?

வினோதம் என்னவென்றால், பெர்க்லி-ஹில் மலபாரைச் சேர்ந்த ஒரு பெண்ணை மணந்தவர். கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். இனவெறியர் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட முடியாத மனிதர். அவருடைய கட்டுரை கிளப்பும் சங்கடத்தை இது குறைக்கவில்லை, கூட்டுகிறது.

இருபது ஆண்டுகள் கழித்து அதே சாவி ஜப்பானின் பூட்டில் நுழைக்கப்பட்டது. போர்க்காலமாதலால் அங்கே போய்ப் பார்க்க வழியில்லை. மானிடவியலாளர்கள் 'தூரத்திலிருந்து பண்பாட்டை ஆய்தல்' என்றொரு முறையை வகுத்துக்கொண்டார்கள். அங்கே வாழ்ந்து திரும்பியவர்களை விசாரிப்பது, புத்தகங்களையும் திரைப்படங்களையும் பார்ப்பது, அமெரிக்காவிலிருந்த ஜப்பானியரைக் கேட்பது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான அந்த ஜப்பானியரை 1942இலேயே அமெரிக்க அரசு முள்வேலி முகாம்களில் அடைத்திருந்தது. தன்னை அடைத்துவைத்தவர் சார்பில் வந்து நிற்கும் ஒருவரிடம், உங்கள் தாய் உங்களை எப்படி மலம் கழிக்கப் பழக்கினாள் என்ற கேள்விக்கு எப்படிப்பட்ட பதில் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

கோரரைத் தொடர்ந்து வெஸ்டன் லா பார் 1945இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜப்பானியரின் சுத்தம், சடங்குப்பற்று, கடமையுணர்ச்சி எல்லாமே ஒரே குறையின் அறிகுறிகளாயின. 1944 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த நிபுணர் கூட்டமொன்றில் ஜப்பானியர் பதின்பருவச் சிறுவர்களோடும் அமெரிக்க நகரங்களின் அடாவடிக் கும்பல்களோடும் ஒப்பிடப்பட்டதை ஜான் டவர் 1986இல் வெளியான தம் போர் வரலாற்று நூலில் விவரிக்கிறார். ரூத் பெனிடிக்டின் 'செவ்வந்தியும் வாளும்' 1946இல் வந்தபோது தொனி மிகவும் நாகரிகப்பட்டிருந்தது. ஆயினும் அவரும் இதை விட்டுவிடவில்லை. இந்த ஆரம்பக் கண்டிப்பு, பிற்பாடு வரப்போகும் நுட்பமான கட்டாயங்களை ஏற்கக் குழந்தையை ஆயத்தம் செய்கிறது என்றார். ஆனால் அதே புத்தகத்தில் அந்தப் பயிற்சியின் வர்ணனையும் இருக்கிறது. அதை நிதானமாக வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தாய் குழந்தையைத் தூக்கிப்போய்த் தாழ்வாரத்தின் ஓரத்தில் பிடித்துக்கொள்கிறாள். மெல்லிய ஒற்றைச் சுருதியில் ஓர் ஒலி எழுப்புகிறாள். குழந்தை அந்த ஒலியைப் புரிந்துகொள்கிறது.

இந்தக் காட்சி தமிழ் வாசகருக்கு அந்நியமானதா? நம் வீடுகளில் பாட்டி தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, இரு பாதங்களையும் சற்றே அகட்டி, அதன்மேல் குழந்தையை உட்காரவைத்து 'உஸ்...' என்பாள். அதே கால்களின்மேல் கிடத்தித்தான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும். கென்யக் கடற்கரையில் வாழும் திகோ மக்களைப் பற்றி டி விரீஸ் தம்பதியர் 1977இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரை ஏறக்குறைய இதையே விவரிக்கிறது. திகோத் தாய் பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறாள். தரையில் கால் நீட்டி அமர்ந்து, கால்களுக்கிடையே பிள்ளையை வைத்து, 'ஷூ' என்று ஓசை எழுப்புகிறாள். வந்துவிட்டால் கொஞ்சலும் தாய்ப்பாலும். வராவிட்டால் ஒன்றுமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான்கைந்து மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் இரவிலும் பகலிலும் நனைக்காமல் இருக்கப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கம் தாயின் உடம்பைச் சார்ந்தது; அவள் மடியில் இருக்கும்போது குழந்தை நெளிவதை அவள் உணர்கிறாள், அவள் எழுப்பும் ஒலியைக் குழந்தை உணர்கிறது. வயதைக் கொண்டு பார்த்தால் வாட்சனைவிடவும் 'கடுமையான' முறை. கதவு சாத்தப்பட்டதா, கால்மேல் உட்காரவைக்கப்பட்டதா என்பதை வயது காட்டாது. கோரர் பார்த்தது வயதை மட்டும்.

போர் முடிந்து பார்க்க வழி கிடைத்ததும் கதை கலையத் தொடங்கியது. ஹவாயில் ஜப்பானியக் குடும்பங்களிடையே பணிபுரிந்த மில்ட்ரெட் சிக்கேமா, 1947இலேயே அந்தக் கடுமையைத் தாம் காணவில்லை என்று எழுதினார். வாகயாமா மாகாணத்தின் கைனான் ஊரில் தாய்மார்களையே கேட்டறிந்த பெட்டி லான்ஹம், தொடங்கும் வயது வீட்டுக்கு வீடு மாறுவதையும், கண்டிப்பு பொது விதியாக இல்லாததையும் 1956இல் பதிவு செய்தார். கோட்பாட்டின் அடித்தளமும் அதற்குள் ஆட்டம் கண்டிருந்தது. கைக்குழந்தைப் பருவத்தின் எந்தத் தனிப்பட்ட பழக்கமும் பிற்காலக் குணத்தைத் தீர்மானிப்பதாகச் சான்றில்லை என்று ஹரால்டு ஆர்லான்ஸ்கி 1949இல் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் காட்டினார். விஸ்கான்சின் மாநிலத்தில் 162 விவசாயிகளின் பிள்ளைகளை ஆராய்ந்த வில்லியம் சூவல் 1952இல் அதையே உறுதிசெய்தார்.

மறுப்பு வந்துவிட்டால் கருத்து இறந்துவிடும் என்று நம்புவது அறிஞர்களின் வெகுளித்தனம். கோரரே அடுத்து ரஷ்யர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார்; 1949இல் வந்த அதில் மலச்சட்டிக்குப் பதில், பச்சைக் குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றும் வழக்கம் காரணமாயிற்று. ஜப்பான் நேச நாடாகிவிட்டது, ரஷ்யா எதிரியாகிவிட்டது.

அமெரிக்கத் தொட்டில்களில் அதற்குள் காற்று மாறியிருந்தது. மிர்ட்டில் மெக்ரா என்ற ஆய்வாளர் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் இரு ஜோடிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பிள்ளையை மட்டும் முதல் மாதங்களிலிருந்தே பகலில் மணிக்கொருமுறை மலச்சட்டியில் உட்காரவைத்தார். மற்றதைச் சும்மா விட்டார். காலம் வந்தபோது சும்மா இருந்த பிள்ளை சீக்கிரமே கூடப்பிறந்ததை எட்டிப்பிடித்துவிட்டது. 1940இல் வெளியான இம்முடிவு, நரம்பு முதிர்ச்சிக்காகக் காத்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. 1946இல் ஸ்போக்கின் நூல். 1962இல் பெர்ரி பிரேசல்டன், தம் பராமரிப்பிலிருந்த 1,170 குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு, பிள்ளையின் இசைவைப் பார்த்துப் பழக்கும் முறையை முன்வைத்தார். பகலில் அவை தேறிய சராசரி வயது 28.5 மாதம். அதற்கு முந்தைய ஆண்டுதான் பாம்பர்ஸ் கடைக்கு வந்திருந்தது. துவைக்கும் பாடு ஒழிந்தபின் பொறுமை காப்பது எளிது. 1998இல் பெரிய பிள்ளைகளுக்கான பெரிய அளவு டயாப்பரின் விளம்பரத்தில் அதே பிரேசல்டன் தோன்றியபோது, காத்திருக்கச் சொன்னவர் யாருக்காகச் சொன்னார் என்று சிலர் கேட்டார்கள். அவர் ஆய்வு நேர்மையானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கேள்வியில் தவறில்லை.

மூன்றாம் தடவை மலச்சட்டி தேசிய விவகாரமானது ஜெர்மனியில், 1999இல். கிழக்கு ஜெர்மனியின் காப்பகங்களில் நீளமான ஒரு பலகை இருக்கும். அதில் வரிசையாகச் சட்டிகள். சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைகள் எல்லோரும் ஒன்றாக அமர்வார்கள். 1980களின் இறுதியில் அந்நாட்டில் மூன்று வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் காப்பகங்களுக்குப் போனார்கள் என்பதால், ஒரு தலைமுறையே அந்தப் பலகையில் அமர்ந்தது எனலாம். இரு நாடுகளும் 1990இல் இணைந்தபின், கிழக்கில் வெளிநாட்டவர்மீது தாக்குதல்கள் பெருகின. 1992இல் ரோஸ்டாக் நகரில் வியட்நாமியத் தொழிலாளர் குடியிருப்பை ஒரு கும்பல் தீயிட்டது. 1998இல் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத் தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சியொன்று 12.9 விழுக்காடு வாக்குப் பெற்றது. ஹானோவரில் குற்றவியல் ஆய்வு நிறுவனமொன்றின் அன்றைய இயக்குநர் கிறிஸ்டியான் ஃபைஃபர், இவ்வெறுப்பின் வேர் கிழக்கின் கூட்டு வளர்ப்பில் இருக்கிறது என்றார். குழுவோடு ஒன்றிப்போக மட்டுமே பழகிய பிள்ளை அந்நியனைக் கண்டு அஞ்சுகிறது என்பது அவர் வாதம். பலகையை அவர் ஓர் உதாரணமாகத்தான் காட்டினார். பத்திரிகைகளுக்கு அந்த உதாரணம் போதுமானதாயிற்று.

மாக்டபர்க் நகரில் அவர் பேசவந்த கூட்டம் கொந்தளித்தது. வேலையும் ஆலைகளும் போய், நாடே போய், எஞ்சியிருந்த குழந்தைப் பருவ நினைவும் இப்போது நோய்க்குறியாக்கப்படுகிறது என்று கிழக்கத்தியர் கருதினார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயமிருந்தது. துருக்கியக் குடும்பங்களின் வீடுகள் 1992இல் கொளுத்தப்பட்ட மொல்னும், 1993இல் கொளுத்தப்பட்ட சோலிங்கனும் மேற்கு ஜெர்மனியின் ஊர்கள். அங்கே பலகை இல்லை.

அந்தச் சண்டைக்கு மூன்றாண்டு முன்னரே, 1996இல், ரெமோ லார்கோவும் சகாக்களும் ஜூரிச்சில் இரண்டு தலைமுறைக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவை வெளியிட்டிருந்தார்கள். முதல் தலைமுறை 1950களைச் சேர்ந்தது. அதில் 96 விழுக்காட்டுக் குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் மலச்சட்டியில் உட்காரவைக்கப்பட்டவை. இரண்டாம் தலைமுறைக்குப் பயிற்சி ஓராண்டுக்கும் மேல் பிந்தியே தொடங்கியது, தீவிரமும் குறைவு. சீக்கிரம் தொடங்கியதாலோ தீவிரமாக நடத்தியதாலோ சிறுநீரை அடக்கும் திறன் விரைவில் வந்துவிடவில்லை. ஹோல்ட்டும் வாட்சனும் அறிந்திருந்தால் தாய்மாருக்குப் பல்லாயிரம் மணிநேரம் மிச்சமாகியிருக்கும். ஒரு வயதுக்கு முன்பே அப்படி உட்காரவைக்கப்பட்ட அந்த 1950களின் ஜூரிச் குழந்தைகள் வளர்ந்து, வங்கியிலும் பள்ளியிலும் டிராம் வண்டியிலும் வேலை பார்த்து, ஓய்வுபெறும் வயதைத் தாண்டிவிட்டார்கள். இதுவரை அவர்கள் எந்த நாட்டின்மீதும் படையெடுக்கவில்லை.